பாங்கி முறிந்த நாளும் பாங்கி பிறந்த நாளும்
வி. கிருஷ்ணசாமி ஐயரின் வாழ்க்கையில் ஓர் அத்தியாயம்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் நடுக்கடலிலே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கையும் மனிதரையும் மசூலாப் படகுகளே கரைக்குக் கொண்டு வரும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. ராயபுரத்துப் படகுக்காரர்கள் அலையின் போக்கை அறிந்து அவற்றைச் செலுத்தினார்கள். அவர்களுடைய கைத்திறனையும் மீறிச் சில நாட்களில் கடல் கொந்தளிக்கும். படகு கவிழும். அதிலிருந்த சரக்கு கடலுக்குப் போகும்.

ஆனால் போவது அந்த ஒரு படகின் சரக்குதான். கப்பலில் வந்த மற்ற மூட்டைகள் வேறு படகுகளிலே பத்திரமாகக் கரை சேர்ந்துவிடும். ஒரு படகு கவிழ்ந்ததால் மனம் வருந்திய வியாபாரிகள் உண்டு. அதனாலேயே தெருவுக்கு வந்த வியாபாரி அரிது. ஒவ்வொரு படகும் எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கடலே கற்றுக் கொடுத்திருந்தது.

அந்தக் கடற்கரைக்கு எதிரிலேயே, பின்னாளில் ராஜாஜி சாலை என்று பெயர் பெற்ற முதல் கடற்கரைச் சாலையிலே, இந்தப் பாடத்தை மறந்த ஒரு பெரிய கம்பெனி இருந்தது. அதன் பெயர் ஆர்பத்நாட் கம்பெனி. 1906ஆம் ஆண்டு அது விழுந்தபோது தென்னாடே அதிர்ந்தது. அந்த இடிபாட்டின் நடுவே நின்று, அழுதுகொண்டிருந்தவர்களுக்காக வாதாடி, அதே மூச்சில் புதிய பாங்கி ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

முனிசீப் வீட்டுப் பிள்ளை

தஞ்சை ஜில்லாவிலே காவிரியின் செழிப்பில் தழைத்த ஊர் திருவிடைமருதூர். அங்கே 1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் தேதி கிருஷ்ணசாமி பிறந்தார். தகப்பனார் வெங்கடராமையர் ஜில்லா முனிசீப் உத்தியோகம் வகித்தவர். சட்டமும் நியாயமும் சிறு வயதிலிருந்தே பிள்ளையின் காதில் விழுந்த சொற்கள்.

கும்பகோணம் கல்லூரியிலும் பின்னர் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் படித்து, சட்டமும் தேறி, 1885இல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். ஆரம்பத்தில் அதிர்ஷ்டம் கதவைத் தட்டவில்லை. கட்சிக்காரர்கள் வரவில்லை. ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை. சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. அவருடைய கூர்மையான வாதமும், அஞ்சாமல் பேசும் துணிவும் ஹைகோர்ட்டில் பெயர் பெற்றன. வருமானம் பெருகியது. கீர்த்தியும் பெருகியது. மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்டப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலும் அவர் இருந்தார்.

சம்பாதித்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற சுபாவம் அவரிடம் இல்லை. 1905இல் மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை ஏற்பட அவரே காரணம். 1906இல் அங்கேயே சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். அந்தக் கல்லூரி பிறந்த அதே வருஷத்தில்தான் ஆர்பத்நாட் புயலும் வீசியது.

மலை போல் நின்ற கம்பெனி

பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்ற மூன்றும் அன்றைய சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தோன்றிய ஆர்பத்நாட் கம்பெனி, சரக்கு வியாபாரத்தோடு பாங்கித் தொழிலும் நடத்தியது. அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ராஜதானியின் பெரிய மனிதர்களில் ஒருவர். கவர்னர் மாளிகையிலும் வர்த்தக சபையிலும் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

ஆகவே ஜனங்கள் நம்பினார்கள். பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், புருஷனை இழந்த பெண்கள், மிராசுதார்கள், வியாபாரிகள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எல்லோருமே தங்கள் பணத்தை அங்கே போட்டார்கள். மலைக்கு ஒரு நாள் கேடு வந்தாலும் ஆர்பத்நாட்டுக்கு வராது என்பது ஊரார் எண்ணம்.

1906 அக்டோபர் 22ஆம் தேதி, திங்கட்கிழமை. மலை சாய்ந்தது. கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது என்ற செய்தி பட்டணம் முழுவதும் பரவியது. அதற்குச் சற்று முன்னர்தான் கம்பெனியின் லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன் என்பவர் ரயிலின் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றன. பெண்ணின் கலியாணத்துக்கு வைத்திருந்த பணம், பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த பணம், கடைசிக் காலக் கஞ்சிக்கு வைத்திருந்த பணம் எல்லாம் ஒரு கணக்குப் புத்தகத்தின் வெறும் எழுத்தாக மாறின. அதே ஆண்டில் பின்னி கம்பெனியும் தள்ளாடியது. வெளியிலிருந்து இஞ்ச்கேப் பிரபுவின் குழு கை கொடுத்ததால் அது பிழைத்தது. ஆர்பத்நாட்டுக்குக் கை கொடுக்க யாரும் வரவில்லை.

எங்கே தவறு?

லண்டனிலே நடந்த ஊக வியாபாரமே கம்பெனியைக் கவிழ்த்தது. விலை ஏறும் என்று எதிர்பார்த்து வாங்குவதில் பாவம் எதுவும் இல்லை. வியாபாரம் என்பதே ஓரளவு எதிர்பார்ப்புதான். எவ்வளவு வாங்குவது என்பதற்கு எல்லை இல்லாமற் போனதுதான் விபரீதம். சென்னையில் திரண்ட டெபாசிட் லண்டனில் நடந்த சூதாட்டத்துக்குத் தீனியாயிற்று. கைவிட்டுப் போனதை மீட்க மேலும் போடுவது, அதுவும் போனால் இன்னும் போடுவது என்று நஷ்டம் வளர்ந்தது.

எதை வாங்குவது என்று யோசிப்பவர் பலர். எவ்வளவு வாங்குவது என்று யோசிப்பவர் சிலரே. ஆனால் வியாபாரியின் தலைவிதி பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேதான் எழுதப்படுகிறது. அதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு.

ஒருவரிடம் 10,000 ரூபாய் முதல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷேரின் விலை 100 ரூபாய். அவர் முதலில் கேட்க வேண்டியது லாபம் எவ்வளவு என்பதல்ல. இந்த வியாபாரத்தில் அதிகபட்சம் எவ்வளவு போனால் தாங்குவேன் என்பதே. முதலில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 200 ரூபாய் என்று அவர் முடிவு செய்கிறார். அடுத்தபடியாக, விலை எந்த இடத்துக்கு இறங்கினால் தம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொண்டு விற்றுவிடுவது என்பதையும் வாங்குமுன்பே தீர்மானிக்கிறார். 92 ரூபாய் என்று வைப்போம். அப்படியானால் ஒரு ஷேருக்கு நஷ்டம் 8 ரூபாய். 200ஐ 8ஆல் வகுத்தால் 25. அவர் வாங்க வேண்டியது 25 ஷேர். போட வேண்டிய பணம் 2,500 ரூபாய்.

விற்கும் இடம் 80 ரூபாய் என்றால் நஷ்டம் ஷேருக்கு 20 ரூபாய். அப்போது 10 ஷேருக்கு மேல் வாங்கக் கூடாது. விற்கும் இடம் 96 ரூபாய் என்றால் 50 ஷேர் வாங்கலாம் என்று கணக்குச் சொல்லும். இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. கெட்ட செய்தி வரும்போது விலை படிப்படியாக இறங்கி வருவதில்லை. நேற்று 100 இருந்தது இன்று காலையில் 80 ஆக நிற்கும். நடுவிலே 96இல் விற்க ஆளே இருக்காது. 50 ஷேர் வைத்திருப்பவருக்கு 200 ரூபாய்க்குப் பதில் 1,000 ரூபாய் போய்விடும். ஆகையால் இரண்டாவது வேலி ஒன்றும் வேண்டும். எந்த ஒரே சரக்கிலும் முதலில் கால் பங்குக்கு மேல் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டால், 50 என்ற எண்ணிக்கை 25 ஆகக் குறையும். திடீர் நஷ்டமும் 500 ரூபாயோடு நிற்கும்.

கடன் வாங்கி வாங்குகிறவர் கதையே வேறு. அதே மனிதர் 40,000 ரூபாய் கடன் வாங்கித் தம் 10,000 ரூபாயையும் சேர்த்து 500 ஷேர் வாங்கினால், விலை 80க்கு வந்த அன்றே அவருடைய முதல் முழுவதும் போய்விடும். ஷேரின் விலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. அவரோ முழுவதையும் இழந்தார். பிறர் பணத்தை வைத்துச் சூதாடிய கம்பெனி விழுந்த விதம் இதுதான்.

தொடர்ந்து பத்து முறை தோற்றால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் நூற்றுக்கு இரண்டு மட்டும் இழப்பவரிடம் 10,000 ரூபாயில் ஏறத்தாழ 8,170 ரூபாய் மிஞ்சும். நூற்றுக்கு இருபது இழப்பவரிடம் மிஞ்சுவது சுமார் 1,074 ரூபாய். முதல் மனிதர் நாளைக்கும் கடை திறப்பார். இரண்டாமவர் திறக்க மாட்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது சும்மா அல்ல. வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்ததும் சும்மா அல்ல.

டெபாசிட் போட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்கே அதிகமாகப் பொருந்தும். ஊக வியாபாரம் ஜெயித்தால் லாபம் கம்பெனிக்கு. டெபாசிட்தாரருக்குக் கிடைப்பது வட்டி மட்டுமே. தோற்றாலோ போவது அவருடைய முதல். வட்டிக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தவர்கள் அழுதார்கள். பாதியை நிலத்திலும் நகையிலும் வைத்திருந்தவர்களுக்குப் பாதியாவது மிஞ்சியது.

கோர்ட்டில் ஒரு குரல்

இன்ஸால்வென்ஸி கோர்ட்டில் கடன்காரர்களின் சார்பாகக் கிருஷ்ணசாமி ஐயர் எழுந்து நின்றார். எதிரே இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஸர் பட்டம் பெற்ற வெள்ளைக்காரப் பிரமுகரின் கணக்குப் புத்தகங்களை ஓர் இந்திய வக்கீல் புரட்டிக் கேள்வி கேட்பது அன்று சாதாரண விஷயம் அல்ல. ஐயர் தயங்கவில்லை. கடைசியில் மோசடிக் குற்றத்துக்காக ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பதவியும் பட்டமும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஆனால் தண்டனையால் போன பணம் திரும்பாது. நாளைக்கு ஜனங்கள் தங்கள் பணத்தை எங்கே வைப்பார்கள்? இந்தக் கேள்விக்குக் கோர்ட்டில் பதில் கிடையாது. அப்போது சென்னையில் பெரிய பாங்கி என்று இருந்தது 1843இல் ஏற்பட்ட பாங்க் ஆஃப் மெட்ராஸ். அதன் நிர்வாகம் வெள்ளைக்காரர் கையில். இந்திய வியாபாரிகளுக்கு அதன் கதவு எளிதில் திறப்பதில்லை. வங்காளப் பிரிவினையைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் நாடெங்கும் மூண்டிருந்த நேரம் அது. நம்முடைய பணத்தை நாமே நிர்வகிக்கும் பாங்கி ஒன்று வேண்டும் என்று கிருஷ்ணசாமி ஐயர் முடிவு செய்தார்.

நினைத்துப் பார்த்தால் அது மிகவும் துணிச்சலான காரியம். பாங்கி என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெந்த புண் ஆறவில்லை. அந்த வேளையில் இன்னொரு பாங்கிக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்!

ஐயர் சரியான இடத்துக்குப் போனார். பணத்தோடு பிறந்து பணத்தோடு வளர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஆதரவை நாடினார். கடல் கடந்து பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்தியவர்கள் அவர்கள். கடையை நடத்தும் ஏஜெண்டு தூரதேசத்தில் இருந்தாலும், கணக்கு தவறாமல் ஊரிலுள்ள முதலாளிக்கு வந்து சேரும். தூரத்தில் இருக்கும் கூட்டாளியைக் கணக்குக் கேட்காமல் நம்பியதால் கெட்டது ஆர்பத்நாட். கணக்குக் கேட்பதையே குல வழக்கமாகக் கொண்டவர்கள் நகரத்தார். சிதம்பரத்தில் கல்விப் பணி செய்த ராமசாமி செட்டியார் முன்வந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் ஏற்படுத்திய அண்ணாமலை செட்டியாரின் தமையனார் அவர்.

1907 மார்ச்சில் இந்தியன் பாங்க் பதிவாயிற்று. ஆகஸ்டு 15ஆம் தேதி, பாரி முனையிலே, பாரி கட்டடத்தில் அது தொழில் தொடங்கியது. சரியாக நாற்பது ஆண்டு கழித்து அதே தேதியில் பாரதம் சுதந்திரம் பெறப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்? ஆர்பத்நாட் கம்பெனி இருந்த இடமே பின்னாளில் இந்தியன் பாங்க்குக்கு வந்து சேர்ந்தது. விழுந்த மரம் நின்ற இடத்திலேயே புது மரம் வேரூன்றியது.

இருபத்தைந்து ரூபாயின் எல்லை

ஆர்பத்நாட் முறிந்த அதே 1906 அக்டோபரில், தூத்துக்குடியிலே வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர். அடக்குமுறையாலும் போட்டியாலும் அந்தக் கம்பெனி சில ஆண்டுகளில் அழிந்தது. தேசத்துக்கு அது பெரும் துக்கம். ஆயினும் ஒரு ஷேர் வாங்கிய மனிதர் இழந்தது 25 ரூபாய். அதற்கு மேல் இல்லை. போனாலும் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகையை அவர் தேசத்துக்காகப் போட்டார். ஆர்பத்நாட்டில் போட்டவர்களோ போகாது என்று நம்பி, தாங்க முடியாத தொகையைப் போட்டார்கள். இரண்டும் நஷ்டம்தான், ஆனால் முதல் நஷ்டத்துக்கு வேலி இருந்தது.

கட்சி வேறு, கவி வேறு

அரசியலில் கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. தீவிரவாதிகளின் போக்கு அவருக்குப் பிடிக்காது. சுப்பிரமணிய பாரதியோ தீவிரவாதி. மிதவாதிகளைப் பத்திரிகையிலே சாடியவர். ஆனால் பாரதியின் தேசியப் பாடல்களைக் கேட்டதும் ஐயரின் உள்ளம் உருகியது. கட்சிப் பகையை ஒதுக்கி வைத்தார். 1907இல் அப்பாடல்களைத் தம் செலவிலே 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியின் பாட்டு தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பரவ அந்தப் பிரசுரம் பெரிதும் உதவியது. பணத்தை எங்கே அளந்து போட வேண்டும், எங்கே அள்ளிக் கொடுக்க வேண்டும் என்ற பேதம் அவருக்குத் தெரிந்திருந்தது.

1909இல் அவர் சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஆனார். 1911இல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினர் பதவி கிடைத்தது. மேலும் பல உயரங்களை அவர் எட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். விதி வேறாக இருந்தது. 1911 டிசம்பர் 28ஆம் தேதி அவர் காலமானார். வயது 48தான். தாம் தோற்றுவித்த பாங்கிக்கு அப்போது நான்கு வயது.

நின்ற மரம்

பாங்கி நிலைத்தது. 1932இல் கொழும்பில் கிளை திறந்தது. 1969 ஜூலையில் மற்றப் பெரிய பாங்கிகளுடன் தேசவுடைமை ஆயிற்று. 2020 ஏப்ரலில் பழம்பெரும் அலகாபாத் பாங்க் அதனுடன் இணைந்தது.

1906இல் ஜனங்கள் பட்ட துன்பத்துக்கு மாற்றாக இன்று சட்டமே சில வேலிகளைப் போட்டிருக்கிறது. ஒரு பாங்கி தன் அடிப்படை மூலதனத்தில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஒரே கடன்காரரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் பொது விதி. விசேஷ காரணம் இருந்து நிர்வாக சபை அனுமதித்தால் மேலும் ஐந்து பங்கு. டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸும் உண்டு. 1962இல் 1,500 ரூபாயில் தொடங்கிய அந்தப் பாதுகாப்பு, 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்தது. ஒரு பாங்கியில் ஒருவருக்கு, முதலும் வட்டியும் சேர்த்து, அந்த அளவு. எத்தனை கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே பாங்கி என்றால் கணக்கு ஒன்றுதான். படகு ஒன்றாயிருக்கையில் மூட்டையை நான்காகக் கட்டி என்ன பயன்?

சட்டம் போடும் வேலி ஊருக்குப் பொது. அவரவர் தாங்கும் சக்தியை அளந்து போட வேண்டிய வேலி அவரவர் கையில்தான் இருக்கிறது. கலியாணப் பணத்துக்கு ஓர் எல்லை. கஞ்சிப் பணத்துக்கு அதைவிடக் குறுகிய எல்லை.

சென்னைக் கடற்கரையிலே, பல்கலைக்கழக செனட் மண்டபத்து வளாகத்தில், கிருஷ்ணசாமி ஐயரின் சிலை நிற்கிறது. அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் ராஜாஜி சாலையும் துறைமுகமும் வரும். அதற்கும் அப்பால் ராயபுரம். மசூலாப் படகுகள் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கடல் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே என்று அதை நம்பி, இருப்பதையெல்லாம் ஒரே படகில் ஏற்ற அந்தப் பழைய படகுக்காரர்கள் ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.